மார்கழி விடியலில் ஓசோன் எங்கே இருந்தது

மார்கழி பிறந்த அன்றே அந்தச் செய்தி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். இந்த மாதத்தில் ஓசோன் படலம் பூமிக்கு நெருக்கமாக இறங்கி வருகிறது, விடியலில் அதைச் சுவாசித்தால் நோய் அண்டாது, அதனால்தான் முன்னோர்கள் அதிகாலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடச் சொன்னார்கள் என்று. கூடவே பூசணிப்பூ வைத்த கோலத்தின் படம். அனுப்புகிறவர்கள் எல்லாரும் நான் மதிக்கிறவர்கள். சின்னம்மா அனுப்புவார், மன்னார்குடி மாமா அதை இன்னும் பத்துப் பேருக்குத் தள்ளிவிடுவார்.

என் பிழைப்பே ஓசோனை வைத்துத்தான் நடக்கிறது. மன்னார்குடியிலிருந்து வேதாரண்யம் வரை குடிநீர் கேன் ஆலைகளிலும் இறால் குஞ்சு பொரிப்பகங்களிலும் இருக்கும் ஓசோனேட்டர்களை, அதாவது மின்சாரத்தால் ஓசோன் உண்டாக்கி நீரைச் சுத்தம் செய்யும் கருவிகளை, பழுது பார்க்கிறேன். அந்த வாசனையோடு இருபது வருடங்களுக்கு மேல் பழகியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

படலம் இறங்கி வருவதில்லை. அது இருப்பது தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில். மார்கழியிலும் அங்கேயேதான் இருக்கிறது. தரையோரக் காற்றில் உள்ள ஓசோன் வேறு வழியில் பிறக்கிறது. வண்டிப் புகையிலும் வைக்கோல் எரிந்த புகையிலும் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரியும்போது அது உண்டாகிறது. வெயில் வேண்டும் என்பதால் பிற்பகலில்தான் உச்சம். இரவெல்லாம் மண்ணிலும் இலையிலும் பட்டுப் பட்டு அழிந்து, விடிகிற வேளையில் ஆகக் குறைந்த அளவுக்கு வந்துவிடும். கோலம் போடும் நேரம் அந்த வகையில் நல்ல நேரம்தான், ஓசோன் குறைவாக இருப்பதால். மூச்சுக்குழாயை அது அரிக்கும். வேலை செய்யும் இடத்தின் காற்றில் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பல நாடுகளில் வைத்திருக்கும் வரம்பு. நெற்பயிரின் இலையைக்கூட அது பதம் பார்க்கும்.

கோலம் அழகாக இருக்கிறது, அம்மா போட்டார், அப்பாயி போட்டார். அது எனக்குப் போதும். அதற்கு வேதியியலைச் சாட்சிக்கு அழைத்து, அந்தச் சாட்சியையும் பொய் சொல்ல வைப்பது கோலத்துக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் மார்கழி விடியலில் உண்மையாகவே ஓசோன் இருந்த ஓர் இடத்தை நான் அறிவேன். அது என் அப்பா ஏறிய மின்கம்பத்தின் உச்சி.

அப்பா லைன்மேன். நான் பள்ளியில் படித்த காலத்தில் அவருக்கு வேதாரண்யம் பக்கம் வேலை. 1930-இல் உப்பு அள்ளிச் சிறை சென்றவர்களின் ஊர். இன்றும் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். கடற்காற்று அந்த உப்பைத் தூக்கிக்கொண்டு வந்து மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான்மீது படியவைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை அதைக் கழுவிவிடும். மழை ஓய்ந்து, பனி மட்டும் இறங்கும் மார்கழிப் பின்பாதியில்தான் தொல்லை. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. பனியில் நனைந்த உப்பு கடத்தும். பீங்கானின் மேற்பரப்பில் மெல்லிய கசிவு ஓடும். ஓடுகிற இடம் சூடாகிக் கோடு கோடாக உலரும். உலர்ந்த கோட்டைத் தாண்டக் குட்டிக் குட்டி மின்னல்கள் தாவும்.

ஒருமுறை தோப்புத்துறைக்கு அருகே என்னையும் சைக்கிளில் அழைத்துப் போயிருந்தார். விடிய ஒரு மணி நேரம் இருக்கும். 33 கிலோவோல்ட் லைனின் கீழே நின்றோம். தலைக்கு மேலே எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிவது போன்ற ஓசை. பீங்கான் ஓரத்தில் ஊதா நிறம் தெரிந்தும் மறைந்தும் கொண்டிருந்தது. பிறகு அந்த வாசனை. புதிதாக வெட்டிய தகரம் போல, சலவை நீலம் போல, மூக்கின் மேல்புறத்தில் ஊசி குத்துவது போல.

"என்னப்பா இந்த வாசனை?"

"பீங்கான் அழுகிறது, தம்பி. கழுவிவிட வேண்டும்," என்றார்.

அவருக்கு ஓசோன் என்ற சொல் அப்போது தெரியாது. வாசனை தெரியும். எந்தக் கம்பத்தைக் கழுவ வேண்டும் என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவார்.

சொல்லுக்கு முன்னால் வாசனை வந்தது உலகத்துக்கும் அப்படித்தான். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அதை அவர்கள் ஆங்கிலேயரிடம் இழந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1785-இல், அவர்களுடைய நாட்டில் ஹார்லெம் நகரத்தில் மார்ட்டினுஸ் வான் மாரும் என்ற அறிஞர் 1.65 மீட்டர் குறுக்களவுள்ள இரண்டு கண்ணாடித் தட்டுகளைச் சுழற்றி மின்பொறி எழுப்பிக்கொண்டிருந்தார். ஆக்சிஜனுக்குள் பொறியைச் செலுத்தியபோது ஒரு விசித்திரமான வாசனை எழுந்தது. அது மின்சாரத்தின் வாசனை என்றே அவர் எண்ணினார். தனி ஒரு பொருளின் வாசனை அது என்று பாசல் நகரின் ஷோன்பைன் 1840-இல் அறிவித்து, மணப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஓசோன் என்று பெயர் வைத்தார். மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்தது ஓசோன் என்று ஸோரே கண்டுபிடிக்க 1865 ஆனது. மூக்குக்கும் சூத்திரத்துக்கும் இடையே 80 ஆண்டுகள்.

மின்சாரம் ஓசோனை எப்படி உண்டாக்குகிறது என்பது இரண்டே படிகளில் முடிந்துவிடுகிற கதை. ஆனால் அந்த இரண்டு படிகளுக்கும் இடையில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது.

முதல் படி: வேகமாக ஓடும் எலெக்ட்ரான் ஒன்று ஆக்சிஜன் மூலக்கூறின்மீது மோதி அதை இரண்டு அணுக்களாக உடைக்கிறது. இதற்கு அந்த எலெக்ட்ரானிடம் குறைந்தது 6 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலாவது இருக்க வேண்டும், 8.4-க்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாம் படி: தனித்துவிடப்பட்ட அந்த அணு பக்கத்திலிருக்கும் முழு ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும்போது வெளியாகும் ஆற்றலை வாங்கிக்கொள்ள மூன்றாவதாக ஒரு மூலக்கூறு அருகில் வேண்டும். அவ்வளவுதான், ஓசோன்.

மின்சாரம் தேவைப்படுவது முதல் படிக்கு மட்டும். அது சில நானோ நொடிகளில் முடிந்துவிடும். ஒரு நானோ நொடியில் ஒளியே ஓர் அடி தூரம்தான் போகும், அவ்வளவு குறுகிய காலம். இரண்டாம் படிக்குச் சில மைக்ரோ நொடிகள் பிடிக்கும். அதற்கு மின்சாரம் வேண்டாம், குளிர்ச்சியும் நிம்மதியும் போதும். அந்த நேரத்திலும் மின்சாரத்தை நிறுத்தாமல் ஓடவிட்டால் என்ன ஆகும்? எலெக்ட்ரானைவிட ஆக்சிஜன் அயனி சுமார் 58,000 மடங்கு கனமானது. முதல் சில நானோ நொடிகளில் எலெக்ட்ரான் பாய்ந்து போய்விடும், அயனி அசையக்கூடத் தொடங்காது. நேரம் கொடுத்தால் அதுவும் மெல்ல நகர்ந்து, போகிற வழியெல்லாம் மோதிக் காற்றைச் சூடாக்கும். சூடு ஓசோனுக்கு எமன். உண்டான ஓசோன், உண்டான இடத்திலேயே மறுபடி ஆக்சிஜனாக உடைந்துவிடும்.

கணக்குப் பார்த்தால் மனம் பதறும். வேதியியல் கணக்குப்படி ஒரு யூனிட் மின்சாரத்தில் 1,200 கிராம் ஓசோன் கிடைக்க வேண்டும். நல்ல ஆலைகளில் தூய ஆக்சிஜனைக் கொடுத்தாலே 100 முதல் 150 கிராம்தான் தேறுகிறது. வெறும் காற்றைக் கொடுத்தால் 50, 60 கிராம். மீதி மின்சாரமெல்லாம் வெந்நீராகக் குழாய் வழியே வெளியே போகிறது.

இந்தச் சிக்கலுக்கு முதல் விடை கண்டவர் வெர்னர் ஃபான் ஸீமென்ஸ். 1857-இல் அவர் செய்த கருவியில் இரண்டு மின்முனைகளுக்கு இடையே கண்ணாடிச் சுவர் இருந்தது. காற்றில் பாயும் ஒவ்வொரு மின்கீற்றும் கண்ணாடியில் வந்து முட்டும். முட்டிய இடத்தில் மின்னூட்டம் சேர்ந்து, பின்னால் வருவதைத் தடுத்து, கீற்றை அணைத்துவிடும். சில பத்து நானோ நொடிகளில் ஒவ்வொரு கீற்றும் இப்படித் தானே பிறந்து தானே அணைகிறது. நானோ நொடியை அளக்கும் கருவி எதுவும் இல்லாத காலத்தில், ஒரு கண்ணாடிக் குழாயை வைத்தே அந்த மனிதர் நானோ நொடிகளை வெட்டிக் கொடுத்துவிட்டார். அதே முறையில் வந்த கருவிகளை வைத்து 1893-இல் நெதர்லாந்தின் அவுட்ஸ்ஹோர்னிலும் 1906-இல் பிரான்சின் நீஸ் நகரத்திலும் குடிநீரைச் சுத்தம் செய்தார்கள். திருத்துறைப்பூண்டி கேன் ஆலையில் நான் கழற்றி மாட்டும் குழாயும் அந்தக் குழாயின் வாரிசுதான். எப்போது அதைக் கையில் எடுத்தாலும் எனக்கு ஒரு மரியாதை வருகிறது.

இனி அந்த ஆலைக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி அடைமழையில் ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். ஆலைக்குப் புதிதாக ஓசோனேட்டர் வாங்கியிருக்கிறார். தகட்டில் மணிக்கு 5 கிராம் என்று போட்டிருக்கிறது.

"அண்ணே, விளக்கு எரிகிறது, உறுமுகிறது, குமிழி வருகிறது. ஓசோன் வருகிறதா என்றுதான் தெரியவில்லை. கேனில் பாசி பிடிக்கிறது என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள்," என்றார்.

போய்ப் பார்த்தேன். தண்ணீரில் லிட்டருக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் ஓசோன் எஞ்சி நின்றால்தான் மூடிய கேனுக்குள் சில நிமிடங்களாவது அது வேலை செய்யும். பிறகு தானே ஆக்சிஜனாகிவிடும். அங்கே ஒன்றும் இல்லை. வாசனை வந்தது. ஆனால் நான் அறிந்த ஊசி வாசனை இல்லை. சற்றே புளித்த, தொண்டையில் கமறும் வாசனை. ஓசோன் குழாயைக் கழற்றினேன். பித்தளை இணைப்பு பச்சை பூத்திருந்தது. கண்ணாடியின் உள்சுவரில் மஞ்சளாக ஒரு பிசுபிசுப்பு. லிட்மஸ் தாளைத் தொட்டுப் பார்த்தேன், சிவந்துவிட்டது. நைட்ரிக் அமிலம்.

கருவி குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. காற்றுதான் ஈரம். கம்ப்ரசர், கழனிக்குப் பக்கத்துக் கொட்டகைக் காற்றை அப்படியே உறிஞ்சி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. விற்றவர்கள் காற்றை உலர்த்தும் பகுதியைக் கொடுக்கவே இல்லை. கேட்டதற்கு அது கூடுதல் விலை என்றார்களாம். ஒரு காகிதத்தில் அந்தத் தம்பிக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் தண்ணீர் இருக்கிறது. கம்ப்ரசர் நிமிடத்துக்கு 10 லிட்டர் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் 14 கிராம், எட்டு மணி நேரத்தில் 115 கிராம். ஒரு காபி டம்ளர் தண்ணீர். ஓசோன் குழாய் கேட்பதோ, பனிநிலை, அதாவது ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, மைனஸ் 60 டிகிரியில் இருக்கும் காற்று. அதில் ஒரு கன மீட்டருக்கு நீராவி ஏறத்தாழ 0.01 கிராம்தான். நாம் கொடுப்பது அதைப்போல் இரண்டாயிரம் மடங்கு ஈரம். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இந்த ஈரத்துக்கு மச்சும் வேண்டாம், மாசியும் வேண்டாம்.

ஈரம் செய்யும் கெடுதல்கள் பல. கண்ணாடிச் சுவரை நனைத்து, மின்னூட்டம் பரவி ஓட வழி செய்துவிடுகிறது. கீற்றுகள் மெலிந்து போகின்றன. நீர் மூலக்கூறு உடைந்து பிறக்கும் துணுக்குகள் ஓசோனைத் தேடித் தேடித் தின்கின்றன. காற்றில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடாகி, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. நைட்ரஜன் ஆக்சைடு ஓர் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால் ஓசோன் உண்டாவது அடியோடு நின்றுவிடும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு விளக்கு எரியும், உறுமும், குமிழி வரும்.

அன்று அவரிடம் ஒரு பழைய சோதனையைச் செய்து காட்டினேன். ஷோன்பைன் கண்டுபிடித்ததுதான். புழுங்கல் அரிசிக் கஞ்சியின் தெளிவில் பொட்டாசியம் அயோடைடு கரைத்து, வடிதாளில் தடவி நிழலில் உலர்த்தினால் வெள்ளைத் தாள். ஈரமாக்கி ஓசோனில் காட்டினால் அயோடின் பிரிந்து, கஞ்சி மாவோடு சேர்ந்து நீலமாகும். கடையில் வாங்கும் அயோடின் உப்பை இதற்குப் போட்டால் வேலைக்கு ஆகாது. நம் நாட்டில் உப்பில் சேர்ப்பது அயோடேட், அயோடைடு இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நைட்ரஜன் டை ஆக்சைடும் இந்தத் தாளை மெல்ல நிறம் மாற்றும். அதனால் சட்டென்று கருநீலமானால் நம்பலாம். தயங்கித் தயங்கி ஊதாப் பூத்தால் நம்பக் கூடாது. அன்று பூத்தது அந்தத் தயக்க ஊதா.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிரப்பிய இரண்டு குழாய்கள், அவற்றுக்குப் பின்னால் மிச்ச ஈரத்தையும் பிடிக்கும் மூலக்கூறு சல்லடை மணிகள் நிரப்பிய ஒன்று, முன்னால் தண்ணீர் வடிய ஒரு சிறு கிண்ணம். இவ்வளவுதான் நான் சேர்த்தது. ஜெல்லின் நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் அதைச் சூடாக்கி ஈரத்தை விரட்ட வேண்டும். சமையல் வாணலியில் வறுக்கவே கூடாது. அந்த நீலம் கோபால்ட் உப்பு, நஞ்சு. தனி அடுப்பு, தனித் தட்டு. மறுவாரம் போனபோது தாள் தொட்ட மாத்திரத்தில் கறுத்தது. வசதி இருப்பவர்கள் ஆக்சிஜன் செறிவாக்கி வாங்கலாம். அது நைட்ரஜனையும் ஈரத்தையும் சேர்த்தே பிடித்துவைத்துக்கொண்டு 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் கொடுக்கும். ஆனால் அதன் உள்ளே நைட்ரஜனைப் பிடிக்கும் சியோலைட் மணிகளும் நம் ஊர் ஈரத்தைக் குடித்துக் குடித்துச் சோர்ந்துவிடும். அதற்கும் முன்னால் கிண்ணமும் ஜெல்லும் வேண்டும்.

துடிப்பு முறை என் வாழ்க்கைக்குள் வந்தது அக்காள் மகள் வழியாக. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படிக்கிறாள். துடிப்பு மின்னிறக்கத்தில் ஓசோன் தயாரிப்பது அவளுடைய இறுதி ஆண்டு வேலை. "மாமா, கண்ணாடியே வேண்டாம். மின்சாரத்தையே வெட்டி வெட்டிக் கொடுத்தால் போதும்," என்றாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எஃகுக் குழாய் ஒன்று, நடுவே மயிரிழை போன்ற கம்பி. வெளியே ஒரு மின்தேக்கி நிதானமாக 30 கிலோவோல்ட் வரை நிரம்புகிறது. நிரம்பியதும் ஒரு மின்பொறி இடைவெளி மதகு திறப்பது போலத் திறந்து, அத்தனையையும் ஒரே மூச்சில் கம்பிக்குள் தள்ளுகிறது. சில பத்து நானோ நொடிகளில் மின்னழுத்தம் உச்சிக்குப் போகிறது. 100 நானோ நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. மெல்ல ஏற்றினால் ஓர் அளவிலேயே காற்று உடைந்துவிடும். பாய்ச்சலாக ஏற்றினால், காற்று உடைவதற்கு முன் அழுத்தம் அந்த அளவைத் தாண்டிப் போய்விடுகிறது. அந்தக் கூடுதல் அழுத்தத்தில் பிறக்கும் எலெக்ட்ரான்கள், ஆக்சிஜனை உடைக்கத் தேவையான ஆற்றலோடே பிறக்கின்றன.

அவள் ஒரு கணக்கு எழுதிக் காட்டினாள். 30 கிலோவோல்ட், 100 ஆம்பியர்: அந்தக் கணத்தில் 30 லட்சம் வாட். 100 நானோ நொடிக்கு அது வெறும் 0.3 ஜூல். நொடிக்கு 100 தடவை அடித்தால் 30 வாட், ஒரு சின்ன மின்விசிறிக்கு ஆகிற செலவு. ஒரு நொடியில் மின்சாரம் பாய்கிற நேரம் லட்சத்தில் ஒரு பங்கு. மற்ற நேரமெல்லாம் காற்று குளிர்ந்துகொண்டும், அணுக்கள் மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொண்டும் இருக்கின்றன. லட்சம் பங்கில் ஒரு பங்கு நேரம் வேலை, மீதிக்கு ஓய்வு. இதைவிடச் சிக்கனமான வேலைக்காரனை நான் பார்த்ததில்லை.

ஆய்வுக்கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, குழாயின் முனையில் இருந்த கண்ணாடி வழியே பார்த்தோம். சுவர்க்கோழி கத்துவது போன்ற ஓசை. நடுக்கம்பியிலிருந்து சுவர் வரை ஊதாக் கீற்றுகள் கிளை கிளையாகப் பிரிந்து பாய்ந்தன. கல்லணையில் காவிரி பிரிந்து, பிறகு ஒவ்வொரு வாய்க்காலாகப் பிரிந்து கடலுக்குப் போவதை மேலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும். ஒரு சென்டிமீட்டரை ஒரு கீற்று கடக்கச் சில பத்து நானோ நொடிகள் ஆகும். துடிப்பு கொஞ்சம் நீண்டுவிட்டால் ஒரே கீற்று தடித்து, வெள்ளையாகிப் படீரென்று பொறியாகிவிடும். பொறி சூடானது, அங்கே ஓசோனுக்குப் பதில் நைட்ரிக் ஆக்சைடு பிறக்கும்.

அதுவும் வீணான பொருள் இல்லை என்பதை டெல்டாக்காரன் மறக்கக் கூடாது. நார்வேயில் பிர்க்கலாண்டும் ஐடேயும் 1903-இல் காற்றுக்குள் மின்வில்லை எரித்து நைட்ரஜன் உரம் செய்தார்கள். இடியோடு பெய்யும் மழையில் பயிர் பச்சை கட்டும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதிலும் அதே வேதியியலின் ஒரு பங்கு இருக்கிறது. அதே காற்று, அதே மின்சாரம். சூடாக, நீளமாகக் கொடுத்தால் உரம். குளிர்ச்சியாக, வெட்டிக் கொடுத்தால் ஓசோன்.

அந்த வேலையில் என் பங்கு ஒன்று உண்டு. மின்தேக்கி அணைத்த பிறகும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஆளைக் கொல்லும். அப்பா என்னிடம் சொல்வார்: "லைன் நின்றுவிட்டதா என்று கேட்காதே, தம்பி. எர்த் போட்டாயா என்று கேள்." மூங்கில் கழியின் முனையில் தாமிரக் கொக்கி கட்டி, நிலத்தோடு இணைத்து, அந்த அறைக் கதவிலேயே மாட்டிவைத்தேன். கொக்கியை மின்தேக்கியில் தொங்கவிடாமல் ஒருவரும் உள்ளே கை வைக்கக் கூடாது. பிள்ளைகள் இன்றுவரை அதைக் கடைப்பிடிக்கிறார்கள்.

எனக்கு ஒரு பேராசை இருந்தது. துடிப்பு முறையில் கண்ணாடிச் சுவர் இல்லை, ஈரம் நனைக்க இடமில்லை. அப்படியென்றால் டெல்டாக் காற்றை உலர்த்தாமலேயே கொடுக்கலாம் அல்லவா? கொட்டகைக் காற்றிலும் ஓசோன் எடுத்துவிட்டால் ஊரில் உள்ள அத்தனை சின்ன ஆலைகளும் பிழைத்துக்கொள்ளும். ஒரு கார்த்திகை மழை நாளில் கம்ப்ரசரை நேரே இணைத்தோம். கல்லூரியில் இருந்த ஓசோன் அளவி, 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை ஓசோன் எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து அளவு சொல்லும். கஞ்சித் தாளைப் போலத் தடுமாறாது. முள் எழுந்தது, ஆனால் பாதிக்கே வரவில்லை. உலர்ந்த காற்றைக் கொடுத்ததும் அதே குழாய், அதே துடிப்பில் முள் ஏறிப் போய் நின்றது. துடிப்பு சூட்டை வென்றுவிட்டது. ஈரத்தை வெல்லவில்லை. நீர் மூலக்கூறை உடைக்கவும் அதே எலெக்ட்ரான் போதும். நூறு நானோ நொடியாக இருந்தாலும் அது உடைக்கத்தான் செய்யும்.

அன்றிலிருந்து நான் யாரிடமும் முதலில் கேட்பது, "காற்றை எதில் உலர்த்துகிறீர்கள்?" என்பதுதான். எத்தனை வோல்ட், என்ன அதிர்வெண், எந்த நாட்டுக் கருவி என்பதெல்லாம் அப்புறம். மணிக்கு 1,000 லிட்டர் நிரப்பும் கேன் ஆலைக்கு இரண்டு கிராம் ஓசோன் போதும். அதற்கு மின்சாரச் செலவு பொருட்டே இல்லை; பழைய கண்ணாடிக் குழாயே தாராளம். துடிப்பு முறை தன் திறமையைக் காட்டப் போகும் இடம் பெரிய குடிநீர்த் திட்டங்களும் கழிவுநீரும். கிலோ கணக்கில் ஓசோன் வேண்டும்போதுதான் ஒவ்வொரு யூனிட்டும் கணக்கில் வரும். அங்கேயும் துடிப்பை உண்டாக்கும் மின்பொறி இடைவெளி தேய்ந்துகொண்டே போகும்; அதற்குப் பதிலாக வைக்கக்கூடிய திண்மநிலைச் (குறைகடத்தி) சுவிட்சுகளின் விலை இறங்க வேண்டும். இறங்கும் என்று நான் மனதார எதிர்பார்க்கிறேன்.

கடலோர ஆலைக்காரர்களுக்கு இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு இருக்கிறது. நாகைப் பக்கம் கடல் ஏறிய கிணறுகளில் உப்போடு அதுவும் ஏறியிருக்கும். புரோமைடு உள்ள நீரில் ஓசோனைச் செலுத்தினால் புரோமேட் என்ற தீங்கான சேர்மம் உண்டாகும். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஆர்.ஓ. சவ்வு புரோமைடில் பெரும்பகுதியை நிறுத்திவிடும். ஆனால் ருசிக்காக என்று சொல்லிக் கொஞ்சம் கிணற்றுநீரைக் கலந்துவிட்டு, அதற்குப் பிறகு ஓசோன் விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இறால் குஞ்சு பொரிப்பகத்தில் இது வேறு உருவம் எடுக்கும். ஓசோன் போன பிறகும் புரோமின் சேர்மங்கள் நீரில் தங்கிக் குஞ்சுகளைக் கொல்லும். கரி வடிகட்டி இல்லாமல் அந்த நீரைத் தொட்டிக்குள் விடக் கூடாது. குழாயும் ரப்பராக இருக்கக் கூடாது. ஓசோன் பட்ட ரப்பர் வெடிப்பு விட்டு விட்டுப் போகும். பூட்டிய அறையில் அப்படி ஒரு ரப்பர்க் குழாய் கசிந்து, ஒரு ராத்திரி முழுக்க நான் இருமிக்கொண்டிருந்தேன். மூக்கு சீக்கிரம் பழகிவிடும்; வாசனை போய்விட்டது என்று உள்ளேயே நின்றுவிட்டேன்.

போன மார்கழியிலும் அந்த வாட்ஸ்அப் செய்தி வந்தது. இந்தத் தடவை நான் மூன்று கஞ்சித் தாள்கள் தயார் செய்தேன். ஒன்றை இரவு திண்ணையில் கட்டித் தொங்கவிட்டு விடியலில் எடுத்தேன், வெள்ளையாகவே இருந்தது. இன்னொன்றைக் காலையிலிருந்து மாலை வரை அதே திண்ணையில் நிழலில் வைத்தேன். மிக மெல்லிய பழுப்பு ஊதா. மூன்றாவது, கொட்டகையில் நானே கட்டியிருக்கும் சின்னத் துடிப்புக் குழாயின் வாயில் காட்டியது. மயில் கழுத்து நிறம். மூன்றையும் ஓர் அட்டையில் ஒட்டிப் படம் எடுத்து, நேரத்தைக் குறித்து, குழுவில் போட்டேன். சின்னம்மா உடனே அழைத்து, "அப்படியென்றால் கோலம் போட வேண்டாமா?" என்று கேட்டார். போடுங்கள் சின்னம்மா, நன்றாகப் போடுங்கள் என்றேன்.

அப்பாவுக்கு இப்போது 79 வயது. அட்டையை வாங்கி, கறுத்த தாளை மூக்கருகே கொண்டுபோனார். "வாசனை இல்லையே," என்றார். தாளில் இருப்பது அயோடின்தான், ஓசோன் போய்விட்டது என்றேன். கையைப் பிடித்துக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். ஜன்னல்களைத் திறந்துவைத்து, கழியும் கொக்கியும் கதவில் இருப்பதை அவரே பார்த்துக்கொண்டபிறகு, இரண்டு நொடிகள் மட்டும் கருவியை ஓட்டினேன். சுவர்க்கோழி கத்தி ஓய்ந்தது. அப்பா முகத்தை லேசாக நிமிர்த்தினார்.

"தோப்புத்துறை," என்றார்.

நான் கொக்கியை எடுத்து மின்தேக்கியில் மாட்டினேன்.